சித்தப்பா வழுக்கி விழுந்த கதை

என் சித்தப்பாவுக்கு ஒரே ஒரு பொய்யைச் சொல்லக் கற்றுக்கொடுக்க எங்கள் குப்பத்துக்கு முழுசாக இருபத்தொரு நாள் பிடித்தது. பெரிய பொய்கூட இல்லை. "படகுல வழுக்கி வுழுந்தேன், கை ஒடிஞ்சிடுச்சி." அவ்வளவுதான். இரண்டாங்கிளாஸ் பிள்ளை காலையில் கேட்டு மதியச் சாப்பாட்டுக்குள் ஒப்பித்துவிடும். சித்தப்பாவுக்கு வரவில்லை. பாதியில் நின்று, "அவன் அடிச்சதுல வழுக்கி வுழுந்தேன்" என்று முடிப்பார். ஊரே தலையில் அடித்துக்கொள்ளும்.

எனக்கு அப்போது பதினோரு வயது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவரை அடித்தது யார் என்று என் கண்ணால் பார்த்தவள் நான். அதனால் இந்த ஒத்திகை நடந்த இருபத்தொரு நாளும் எனக்கு வயிறு எரிந்தது.

சண்டையின் காரணத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பழவேற்காட்டு ஏரியில் இறால் எந்த வழியாக வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். முகத்துவாரத்தை ஒட்டி ஒரு சில இடங்கள்தான் உண்டு. அங்கே எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. அதனால் முறை வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. ஒரு நாள் எங்கள் பாடு, மறுநாள் எதிர்க்கரைக் குப்பத்துப் பாடு. யாரும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

ஒரு கார்த்திகையில் புயல் வந்தது. மூன்று நாள் ஏரியில் ஒரு படகும் இறங்கவில்லை. புயலுக்கு முந்தின நாள் வலை கட்டியது நாங்கள். நடுவில் சும்மா போன மூன்று நாளையும் எண்ணினால் நாலாம் நாள் எங்கள் பாடு. எண்ணாவிட்டால் அவர்கள் பாடு. எங்கள் ஊர் எண்ணியது, அவர்கள் ஊர் எண்ணவில்லை. புயல் கழிந்த தண்ணீரில் இறால் கொட்டும் என்று இரண்டு ஊருக்கும் தெரியும். விடிந்ததும் இரண்டு ஊர்ப் படகுகளும் ஒரே இடத்தில் போய் நின்றன.

நான் கரையில் நின்றிருந்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். சித்தப்பா எங்கள் வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துப் படகில் பச்சைப் பனியன் போட்ட ஒருவர், படகு தள்ளுகிற கழியை ஓங்கிக்கொண்டு, "வுடு, வுடு" என்று கத்தினார். சித்தப்பா விடவில்லை. கழி இறங்கியது. மறுபடியும் ஓங்கி, மறுபடியும் "வுடு" என்றார். சித்தப்பா அப்போதும் விடவில்லை. இரண்டாவது அடியில்தான் கயிறு கையைவிட்டுப் போனது. சித்தப்பா கத்தியது கரை வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் அவரிடமிருந்து அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அன்று மதியம் எதிர்க்கரையில் ஒரு படகு எரிந்தது. கொளுத்தியது யார் என்று கேட்காதீர்கள். நைனா, அதாவது என் அப்பா, வீட்டுக்கு வந்தபோது கைலியில் டீசல் நாற்றம் அடித்தது, அம்மா அதை வாங்கி ஊற வைத்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆக இரண்டு வழக்கு. சித்தப்பாவின் கையை ஒடித்த வழக்கில் அவர்கள் ஆட்கள் பன்னிரண்டு பேர், முதல் பெயர் பச்சைப் பனியன்காரர். படகு வழக்கில் எங்கள் ஆட்கள் ஒன்பது பேர், முதல் பெயர் என் நைனா. வழக்கு முடிகிற வரைக்கும் அந்த இடத்தில் இரண்டு ஊரும் வலை கட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. மத்தியஸ்தம் பேச மூன்றாவது குப்பம் ஒன்று முன்வந்தது. நல்ல மனுஷர்கள். நாங்கள் கோர்ட்டுக்கு அலைந்த இரண்டு வருஷமும் எங்கள் இடத்தில் அவர்கள்தான் வலை கட்டினார்கள், பேச்சுவார்த்தையை மட்டும் அவசரப்படுத்தவே இல்லை.

சித்தப்பாவின் வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போயின. வலை இழுப்பதில் அவர் கைக்கு ஈடு எங்கள் பக்கத்தில் யாரும் கிடையாது என்பார்கள். அந்தக் கை சட்டைப் பட்டன்கூடப் போட முடியாத கையாகிவிட்டது. அவருக்குப் பட்டன் போட்டுவிடுவது என் வேலை. பள்ளிக்கூடம் போகிறதுக்கு முன்னால் கீழிருந்து மேலாக ஆறு பட்டன். அந்த நேரத்தில் அவர் கூரையைப் பார்ப்பார், நான் அவர் கையைப் பார்ப்பேன். தினமும் ஆறு பட்டன் போட்டவளுக்குக் கோபம் குறையுமா?

கடைசியில் இரண்டு ஊரும் மூன்றாவது ஊரைத் தள்ளிவைத்துவிட்டு நேரிடையாகவே பேசி ராசியாகிவிட்டன. ஆனால் எங்கள் வக்கீல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கையை ஒடித்தது, படகைக் கொளுத்தியது இதெல்லாம் ஊர் கூடி ரத்து செய்கிற சமாச்சாரம் இல்லையாம். ஒரே வழிதான் உண்டு. அடிபட்டவர் கூண்டில் ஏறி, என்னை யாரும் அடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். படகுக்காரர் கூண்டில் ஏறி, என் படகை யாரும் கொளுத்தவில்லை என்று சொல்ல வேண்டும். எங்கள் வழக்கு முதலில் வந்தது, அவர்கள் வழக்கு அடுத்த மாதம். ஆகவே முதலில் பொய் சொல்ல வேண்டியவர் சித்தப்பா. அவர் வாய் குழறினால் எதிர்க்கரைக்காரரும் குழறுவார், என் நைனா உள்ளே போவார். இதை ஊரில் யாரும் எனக்கு ஒளிக்கவில்லை. ஒளிக்க இடமும் இல்லை, எங்கள் வீடு ஒரே அறை.

ஒருநாள் பட்டன் போடும்போது கேட்டேவிட்டேன், நீ ஏன் பொய் சொல்லணும் என்று. "உன் நைனா வூட்ல இருக்கணும்னா சொல்லித்தான் ஆவணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, எனக்கில்லாமல் யாருக்கோ சொல்கிற மாதிரி, "என் கை போனது போனதுதான்" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஒரு பட்டனை மாற்றிப் போட்டுவிட்டேன். அவர் அப்படியே நாள் முழுக்கச் சுற்றினார்.

ஒத்திகை வலை காயப்போடுகிற மேட்டில் நடந்தது. ரேஷன் கடையில் எடை போடுகிறவர்தான் அரசு வக்கீல். மனுஷனுக்கு வேஷம் ஏறிப்போய், தோளில் கறுப்புத் துண்டும் போட்டுக்கொண்டு, 'ஆப்ஜக்ஷன்' என்று தானே கத்தித் தானே உட்காருவார். சித்தப்பா வியர்த்துக் கொட்டி, "வழுக்கி வுழுந்தேன்" வரைக்கும் வந்து, அதற்கு மேல் உண்மையை உளறிவிடுவார். திட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கிப் பார்த்தார்கள். பொய் சொல்வதற்குச் சத்தியம் செய்த ஒரே ஆள் இந்தத் தாலுகாவிலேயே என் சித்தப்பாவாகத்தான் இருப்பார்.

வழி கண்டுபிடித்தது என் அம்மா. புருஷன் உள்ளே போய்விடுவானோ என்று மூன்று வாரமாகச் சோறு இறங்காமல் கிடந்த அம்மா, இருபத்தோராம் நாள் காலையில் மீன்கூடையைக் கீழே வைத்துவிட்டு மேட்டுக்கு நேராக வந்தார். "அவருக்கு நடக்காததைச் சொல்ல வராது. இட்டுக்கினு போய் நெஜமாவே ஒரு வாட்டி வழுக்கி வுழ வைங்க. அப்புறம் இன்னா சொல்றாருன்னு பாருங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் வேறு யோசனை யாரிடமும் இல்லை. சித்தப்பாவைப் படகில் ஏற்றினார்கள். பலகையில் மீன் கழுவின தண்ணீரை ஊற்றினார்கள். நாலு பேர் படகை ஆட்டினார்கள். சித்தப்பா முதல் தடவை விழாமல் நின்றுவிட்டார், பரம்பரைக் கால் அல்லவா, லேசில் வழுக்காது. மூன்றாவது தடவை தடாலென்று சேற்றில் போய் விழுந்தார். தலையெல்லாம் சேறு. தூக்கி நிறுத்தி, "இன்னாய்யா ஆச்சி?" என்று கேட்டார் ரேஷன் கடை வக்கீல். "பாத்துக்கினுதான கீறே? படகுல வழுக்கி வுழுந்தேன்" என்றார் சித்தப்பா, ஒரு தடங்கல் இல்லாமல், நல்ல கோபத்தோடு. ஊரே கைதட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. கோர்ட்டில் நான் எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டேதான் முடிவு செய்தேன்.

வழக்கு நாளன்று என்னையும் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வழியில் சட்டை கசங்கினால், பட்டன் தெறித்தால் யார் போடுவது? எங்கள் வேனும் அவர்கள் வேனும் திருப்பாலைவனம் தாண்டி ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எங்கள் டிரைவர் பழக்க தோஷத்தில் முந்தப் பார்த்தார். "இன்னிக்கு மட்டும் வாணாம்பா" என்று நைனா அவர் தோளைத் தொட்டார்.

கோர்ட்டில் இடது பக்கப் பெஞ்சில் நாங்கள், வலது பக்கத்தில் அவர்கள். பன்னிரண்டு பேரும் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். பச்சைப் பனியன்காரர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் வக்கீலின் வாதமே, இந்தப் பன்னிரண்டு பேரும் அன்றைக்கு அந்த இடத்திலேயே இல்லை என்பதுதான்.

சித்தப்பா கூண்டில் ஏறினார். கேட்டார்கள். "படகுல வழுக்கி வுழுந்தேன், கை ஒடிஞ்சிடுச்சி" என்றார். அம்மா என் தொடையை இறுக்கிப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினார். அரசு வக்கீலுக்குக் கடுப்பு. சாட்சி மாறிவிட்டார் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, விடாமல் குறுக்கே கேட்டார். பிறந்ததிலிருந்து படகில் நிற்கிற ஆள் எப்படி வழுக்கி விழுவார், படகு ஏன் ஆடியது என்று. இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. சித்தப்பா வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"கச்சான் தூக்கி அடிச்சதுங்க."

கச்சான் மேற்கிலிருந்து வருகிற காற்று. கார்த்திகையில் எங்கள் ஏரியில் அடிப்பது வடக்கிலிருந்து வருகிற வாடை. கார்த்திகையில் கச்சான் என்பது பங்குனியில் தீபாவளி என்கிற மாதிரி. வக்கீலுக்கு இது தெரியாது, ஜட்ஜம்மாவுக்கும் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு ஊருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உடம்பை நெளித்தது. ஆனால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம், ஒருவரைத் தவிர.

"கார்த்திகையில ஏதுண்ணே கச்சான்?" என்றது சுவரோரத்திலிருந்து ஒரு குரல். பச்சைப் பனியன்காரர்! "அன்னிக்கி வாடைதான?"

சித்தப்பா அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். காற்றைப் பற்றி ஒருத்தன் திருத்திச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குச் சும்மா இருக்க வருமா? "காலையில வாடை. வெயில் ஏறினதும் திரும்பிச்சி" என்றார் கூண்டிலிருந்து.

"திரும்பவேயில்ல. நான் அங்கதான நின்னேன்?"

அவர்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அரசு வக்கீலின் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. நைனா தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார். எனக்கு ஒரே சந்தோஷம். மாட்டிக்கொண்டானா? அவன் வாயாலேயே வந்துவிட்டதா? நான் துள்ளி எழுந்து, "பாத்தீங்களா" என்று கத்த வாயைத் திறந்தேன். "பா" மட்டும்தான் வெளியே வந்தது. அம்மா என் சடையைப் பிடித்து ஒரே இழுப்பில் உட்கார வைத்துவிட்டார். மண்டைத்தோல் ஒரு வாரம் வலித்தது.

ஜட்ஜம்மா பேனாவை வைத்துவிட்டு, எங்கே நின்றீர்கள் என்று பச்சைப் பனியன்காரரைக் கேட்டார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்போது அவர் பக்கத்திலிருந்த பதினோரு பேரையும் பார்க்கவில்லை, தன் வக்கீலையும் பார்க்கவில்லை. நேராகச் சித்தப்பாவைத்தான் பார்த்தார். அந்த நேரத்தில் சித்தப்பா ஒன்றுமே சொல்லாமல் நின்றிருந்தால் போதும், ஆள் முடிந்தார். சித்தப்பாவும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல்தான் நின்றார். அது எத்தனை நேரம் என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

"ஏரியிலதாம்மா நின்னிருப்பாரு. அம்மாம் பெரிய ஏரி, எங்கியாச்சும் நின்னிருப்பாரு. எங்க படகாண்ட யாரும் இல்ல" என்றார் பிறகு. அதோடு விடவும் மனசு வரவில்லை. "காத்து மட்டும் அவர் சொல்றதுதான் கரெக்டு. வாடைதான். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

ஜட்ஜம்மா சித்தப்பாவின் கையைப் பார்த்தார், சுவரோரம் நின்றவரைப் பார்த்தார், இரண்டு பெஞ்சிலும் வாயைப் பிளந்துகொண்டிருந்த எங்களைப் பார்த்தார். காற்றைப் பற்றி வெளியில் போய்ப் பேசிக்கொள்ளுங்கள் என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார். வாடைக் காற்றில் வழுக்கி விழுந்ததாகவே எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் எதிர்க்கரைக்காரர்களும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். படகுக்காரர் கூண்டில் ஏறி, தான் குடித்துப் போட்ட பீடியில் படகு பற்றிக்கொண்டது என்று சொன்னார். அவர் வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு வழக்கும் தள்ளுபடியாயின. நைனா வீட்டில் இருந்தார். புயல் நாளை எண்ணக் கூடாது என்று இரண்டு ஊரும் சேர்ந்து முடிவு செய்து, இந்த முறை எழுதியும் வைத்தார்கள். இன்றைக்கு யார் பாடு என்பது வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது, இரண்டு ஊருக்கும் ஒரே குரூப்தான். எங்கள் ஊர்ப் பெண்கள் மூன்று பேர் அந்தக் கரையில் மருமகள்கள். சமாதானத்தைப் பற்றி யார் என்ன பேசினாலும் பேசட்டும், எங்கள் சமாதானம் பொய்யில் கட்டியது, இந்த நிமிஷம் வரைக்கும் அசையாமல் நிற்கிறது. அதை நான் யாரிடமும் தலை நிமிர்ந்தே சொல்வேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்குக் கோர்ட்டு வாசலில் நடந்தது.

எதிரே இருந்த டீக்கடையில் இரண்டு ஊர் ஆட்களும் நின்றார்கள். முதலில் தள்ளித் தள்ளித்தான் நின்றார்கள். டீக்கடைக்காரருக்கு எங்கள் தகராறு தெரியாது, கண்ணாடி டம்ளர்களை ஒரே தட்டில் வைத்து நீட்டினார், ஆளாளுக்கு எடுத்துக்கொண்டோம். பச்சைப் பனியன்காரர் டம்ளரைக் கையில் பிடித்தபடி சித்தப்பாவிடம் வந்தார்.

"அண்ணே" என்றார். "நான் ஒண்ணு சொல்லணும்."

"வாடைதான்யா, ஒத்துக்கினேனே, போதாதா?" என்றார் சித்தப்பா. இரண்டு பக்கமும் சிரிப்பு.

"அதில்லண்ணே. இந்தக் கைய நான்..."

"கைக்கு இன்னா?" சித்தப்பா அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார். "வழுக்கி வுழுந்தேன். கோர்ட்டுலயே எழுதிக்கினாங்க. நீதான் அங்க இல்லவே இல்லியே!"

அவ்வளவுதான், டீக்கடையே அதிர்ந்தது. எங்கள் ஆட்களும் அவர்கள் ஆட்களும் ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது அங்கேதான். என் சித்தப்பாவின் பெருந்தன்மையைப் பற்றி எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் இறால் காலம் தொடங்கினதும் பச்சைப் பனியன்காரர் எங்கள் வீட்டுக்கு வருவார். பார்த்துப் பொறுக்கியெடுத்த இறாலாகக் கொண்டுவருவார். சித்தப்பா வாங்கிக்கொள்வார், உட்காரச் சொல்வார், பிள்ளைகளை விசாரிப்பார். அவர் தலையைக் குனிந்து, "அண்ணே, அன்னிக்கி..." என்று ஆரம்பிப்பார். சித்தப்பா முடிக்க விட மாட்டார். அதே கையைத் தூக்கி, அதே வார்த்தையை, அதே சிரிப்போடு சொல்வார். எத்தனையோ வருஷம் இது நடந்தது. எனக்குக் கல்யாணமாகி, தாய் வீட்டுக்கு வந்திருந்த ஒரு தடவை, அவர் தலை நரைத்துப் போய், வாசற்படியிலேயே நின்று, "ஒரே ஒரு தபா சொல்ல வுட்டுடுண்ணே" என்று கெஞ்சினார். சித்தப்பா சிரித்துக்கொண்டே சொன்னார், "யோவ், நான் வழுக்கி வுழுந்ததுக்கு நீ இன்னாத்த சொல்லுவ?" அவர் திரும்பிப் போகிறதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவரை விட்டுவிட்டது கோர்ட்டுதான். சித்தப்பா விடவில்லை.

பதினோரு வயதில் இதெல்லாம் எங்கே தெரிந்தது? டீக்கடை வாசலில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். காலையில் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ, சித்தப்பாவைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அத்தனை பேர் நடுவில் பச்சைப் பனியன்காரர் ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நல்ல தமாஷுக்குக்கூடச் சிரிக்கத் தெரியாத ஆளாக இருக்கிறாரே, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.